வளைவில் ஒரு சீட்டி

அத்தானுக்கு,

இந்தப் பங்குனியில் கல்லாற்று மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட நான் மட்டும் வந்தேன். போட்டியில் நீங்கள் நெஞ்சில் குத்தி ஓடிய எண்ணை இனி யாருக்கும் தரமாட்டார்களாம்.

முன்னால் ஓடுகிற நீங்கள் ஒவ்வொரு வளைவிலும் நின்று எனக்காகச் சீட்டியடிப்பீர்களே, அதே சீட்டி ஓடைப்பக்கம் கேட்டது. நான் திடுக்கிட்டு நின்றதைப் பார்த்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மலையாளப் பையன் ஷிஜு சிரித்தான்.

"சேச்சி, அது பட்சியாக்கும். மழைக்கு முன்னாடி இப்படித்தான் பாடும்."

எனக்கா தெரியாது? ஆனாலும் பதிலுக்குச் சீட்டியடித்தேன். அது அடுத்த வளைவுக்குப் போய்க் காத்திருந்தது. அப்புறம் கால்வலியே தெரியவில்லை.

காடு முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். முடிவுக்கோடு தெரிந்தது, எல்லோரும் கைதட்டிக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கோபப்படாதீர்கள். அங்கிருந்து கோடுவரை ஒரே நேர் ரோடு. வளைவே இல்லை, அத்தான்.

இப்படிக்கு,
பின்னாலேயே வருகிறவள்