நீ படிக்காத மூன்றாம் பாகம்

அன்பு மாப்ளே பாண்டி,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மூத்தவள் இப்போது ஸ்கூலுக்குத் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் போகிறாள். வயலை வள்ளியே நின்று பார்த்துக்கொள்கிறாள். என் தங்கச்சிக்கு இத்தனை தைரியம் எங்கிருந்து வந்ததென்று லோயர் கேம்பிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்தபோது வாய் வரவில்லை.

வீரபாண்டித் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த புத்தகக் கடையில், அந்த ருஷ்ய நாவலை நாம் சேர்ந்துதானே வாங்கினோம்? தமிழில் பெயர்த்த மூன்று பாகம். ஒவ்வொன்றும் செங்கல் கனம். முதல் பாகத்தை நான்தான் முதலில் எடுத்துப் போனேன். பவர் ஹவுஸில் வேலை பார்க்கிறவன், உன்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவன் என்ற நினைப்பு. ஆனால் அதில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். யார் அண்ணன், யார் மாமன் என்று தாளில் எழுதிவைத்துப் படித்தும் விளங்கவில்லை. பனியும் விருந்தும் தவிர இதில் ஒன்றுமில்லை என்று உன்னிடம் தள்ளிவிட்டேன்.

நீ பத்தே நாளில் முடித்தாய். கம்பம் டீக்கடையில் அந்தக் கதையை நீ சொல்லும்போது வண்டிக்காரர்கள்கூட டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள்.

"அந்தப் பெரியவரு கெட்டவரு இல்லப்பா. மகன் பட்டாளத்துக்குப் போறப்ப அழத் தெரியல, அதான் திட்டுறாரு" என்றாய்.

அதே பக்கத்தை நானும் படித்தவன்தான். எனக்குத் திட்டு மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு வயிறு எரிந்தது மாப்ளே.

இரண்டாம் பாகத்தை உனக்குப் போட்டியாகத்தான் படித்தேன். படிக்கப் படிக்க, பட்டாளத்துக்குப் போன அந்தப் பெரியவரின் சின்ன மகன்மேல் உயிராகிவிட்டது. சண்டைக்களத்தில் செத்த குதிரையின் கழுத்தை அவன் தடவிக்கொடுக்கும் இடத்தில் அழுதேன். ஓடிவந்து உன்னிடம் சொன்னால், நீ எனக்கு முன்பே அங்கே அழுதுவிட்டு, நான் பார்க்காத இன்னொன்றையும் பார்த்துவைத்திருந்தாய். எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்க மாட்டாயா?

அதனால்தான் மூன்றாம் பாகத்தை ஒளித்தேன். மேகமலை எஸ்டேட் கிளார்க் ஒருவர் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று சொன்னது பொய். அது குவார்ட்டர்ஸில் என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு வருசத்தில் மூன்று தடவை கேட்டாய். பிறகு கேட்கவில்லை.

நான் படித்து முடித்தேன். மூன்றிலும் அதுதான் உசத்தி. சின்ன மகன் ஊர் திரும்பாமல் ஆஸ்பத்திரியிலேயே சாகிறான். அதைச் சொல்லி ஆற எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருந்த ஒரே ஆள் நீ. உன்னிடம்தான் சொல்ல முடியாது. மஞ்சள்காமாலை இரண்டே வாரத்தில் உன்னைக் கொண்டுபோகும் என்று கண்டேனா?

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கொண்டுபோய் வள்ளி முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க செஞ்சது தப்புத்தாண்ணே. ஒரு வாட்டியாவது குடுத்திருக்கலாம்" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா அவுக எனக்குக் கடைசி வரைக்கும் கதை சொன்னாகளே" என்றாள்.

நீ அவளுக்குச் சொன்ன அந்த முடிவை அவளே எனக்குச் சொன்னாள். சண்டை ஓய்ந்து சின்ன மகன் ஊருக்கு வருகிறானாம். அவன் பங்கு நிலத்தையும் தனதாக்கிச் சேர்த்து அண்ணன் உழுதுகொண்டிருக்கிறான். இவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மம்பட்டியை எடுத்து வாய்க்காலை வெட்டி, அண்ணன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, வயல் நிறையும்வரை முழங்கால் சேற்றில் நிற்கிறானாம்.

பனி உறைந்து கிடக்கிற அந்த ஊரில் ஏது மாப்ளே வாய்க்கால்? அது நம் பெரியாற்றுத் தண்ணீர். நீயாகக் கட்டிய முடிவு. அந்த அண்ணன் நான்தானா? புத்தகத்தை நான் ஒளித்தது தெரிந்துதான் கட்டினாயா?

புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறதா என்று வள்ளி கேட்டாள். இல்லை, இது அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? புத்தகமே இல்லாமல் நீ முடித்துவிட்டாய். பொறாமை இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் இரண்டு வெள்ளைத் தாள் இருக்கிறது. வள்ளி சொல்லச் சொல்ல, உன் முடிவை அதில் என் கையால் எழுதி, கீழே உன் பெயரைப் போடுவேன். என் பெயரை எங்கேயும் எழுத மாட்டேன். இது சத்தியம்.

உன்னை ஒருநாளும் முந்த முடியாத உன் மச்சான்,
ராசு