நெட் போனது அம்மாவின் துடைப்பத்தால் அல்ல

ரொமெல்,

சர்வருக்கு மானிட்டரை மாட்டி நானே பார்த்துவிட்டேன். வயர் எதுவும் கழன்றிருக்கவில்லை. நேற்று புது டிஸ்க் ஒன்றைச் சொருகினாயே, அதனால் சர்வருக்குள் இருக்கும் கார்டுகளின் எண்களெல்லாம் தள்ளிப்போய்விட்டன. கேம் ஆடும் விர்ச்சுவல் மெஷினுக்குக் கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுக்க நீ போட்டு வைத்த பழைய எண், இப்போது நெட்வொர்க் கார்டுடையது. நீ மெஷினைக் கிளப்பியதும் அது நெட்வொர்க் கார்டைப் பிடுங்கிக்கொண்டது. வீடு முழுக்க நெட் போச்சு.

கரோகே பாட்டு பாதியில் நின்றதும் நீ என்ன செய்தாய்? உன் அண்ணன் குடும்பத்தின் முன்னாலேயே என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாய். "அத்தை, பெருக்குறேன்னு வயரை இழுத்துட்டீங்களா? அந்தப் பக்கம் போகாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"தெரியாம பட்டிருக்கும்ப்பா, மன்னிச்சுக்கோ" என்றாள். செய்யாத தப்புக்கு! உடனே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் ஊரான இலோய்லோவுக்குப் போகும் கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது. அவளோடு துறைமுகத்துக்குப் போகிறேன். அடோபோ கறி சட்டியில் இருக்கிறது. சோறு நீயே வைத்துக்கொள், கை இருக்கிறதல்லவா?

மரிவிக்

பி.கு.: அந்தப் பழைய எண்ணை நான் திருத்தவில்லை. நீ கெடுத்தது, நீயே சரிசெய். ஆனால் அது அப்புறம். முதலில் துறைமுகத்துக்கு வந்து அவளிடம் பேசு.

அடோபோ அம்மா செய்தது, உனக்காக. துடைப்பத்தை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறாள். உன் வயரில் பட்டுவிடக் கூடாதாம்.