கார்த்திகேசன் மாமாவின் எண்ணிலிருந்து வரும் மிஸ்டு கால்

அனுப்புநர்:
வே. அம்சா, ஒன்பதாம் வகுப்பு,
(விமானி கேப்டன் வேலப்பன் மகள்),
தன்லியின்.

பெறுநர்:
திரு. பொன்னுத்துரை அவர்கள்,
தொழில் தகராறு சமரச அலுவலர்,
யாங்கோன்.

பொருள்: விமானி கார்த்திகேசன் காணாமல் போனதும், என் தந்தை நாளை கம்பெனி அலுவலகத்துக்குப் போகவிருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். கோயில் தமிழ் வகுப்பில் தாங்கள் எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். அப்பா விழித்துக்கொண்டால் நிறுத்திவிட வேண்டியிருக்கும்.

2. அப்பாவின் விமான கம்பெனி ஆட்குறைப்பு செய்கிறது. பணிமூப்பு வரிசையை மாற்றி, பின்னால் சேர்ந்த சிலரை முன்னால் போட்டிருக்கிறது. புதிய வரிசையை ஏற்றுக் கையெழுத்திடுபவர்களுக்கே வேலை என்கிறது. முன்னால் போடப்பட்டவர்கள் உட்பட ஒருவரும் கையெழுத்திடுவதில்லை என்று விமானிகள் முடிவு செய்தார்கள்.

3. சந்தித்தாலோ போனில் பேசினாலோ கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஆகவே மாலையில் ஒவ்வொருவரும் பழைய வரிசையில் தமக்கு அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ‘நான் இன்னும் கையெழுத்திடவில்லை’ என்று அதற்கு அர்த்தம். அப்பாவுக்குக் கொடுப்பவர் தாகேதாவில் இருக்கும் கார்த்திகேசன் மாமா. அப்பா கொடுப்பது இன்சீனில் இருக்கும் நிலோஃபர் அக்காவுக்கு. புதிய வரிசையில் அக்கா அப்பாவுக்கு மேலே இருக்கிறார். ஆனாலும் தினமும் அப்பாவின் அழைப்புக்குக் காத்திருந்துதான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்.

4. போன வாரம் கம்பெனி கார்த்திகேசன் மாமாவைப் பேச அழைத்தது. உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்றதால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. கேட்டால், அன்றே கிளம்பிவிட்டாரே என்கிறார்கள் கம்பெனியில். அவர் மனைவி ராணி டீச்சர்தான் எங்கள் தமிழ் ஆசிரியை. போலீசில் சொல்ல அவருக்குப் பயம். இன்று வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அன்றிலிருந்தே அணைத்து வைத்திருக்கும் மாமாவின் போனைக் காட்டினார். சிம் கார்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்தார்.

5. ஐயா, இந்த வாரம் முழுவதும் மாமாவின் எண்ணிலிருந்து எங்களுக்கு மிஸ்டு கால் வந்தது. இன்று மாலையும் வந்தது. திரையில் அவர் பெயரை நானே பார்த்தேன். ஒரு ரிங். பிறகு நின்றுவிட்டது. மாமா கொடுப்பது போலவே.

6. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கார்த்திதான் கால் குடுத்தாச்சே. டீச்சரை யாரோ மிரட்டி இப்படிச் சொல்ல வச்சிருக்காங்க. நீ போய்ப் படு” என்றார். அம்மாவும் அதையே நம்புகிறார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை என்று பேசி வைத்திருப்பதால் அப்பா தாகேதாவுக்குப் போய்ப் பார்க்கவும் மாட்டார். நாளை கம்பெனிக்குப் பேசப் போக வேண்டியது அவருடைய முறை. அந்த ஒரு ரிங்கை நம்பித்தான் போகிறார். சீருடையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறார். இருட்டில் தொங்கும் அதன் பக்கம் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7. அப்பா கையெழுத்திட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளை காலை தாங்கள் நேரில் கம்பெனி வாசலுக்குப் போய், மாமா எங்கே என்பதற்குப் பதில் வரும்வரை அப்பாவை உள்ளே விடாமல் நிறுத்த வேண்டும். விடிந்ததும் காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா வாங்கப் போகும்போது இந்த மனுவை இங்கே தன்லியினில் இருக்கும் தங்கள் வீட்டுக் கதவடியில் வைத்துவிடுவேன். எங்களைப் போனில் மட்டும் அழைக்க வேண்டாம். அழைப்பது தாங்கள்தானா என்று எனக்குத் தெரியாது.

8. அப்பாவும் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். அவர் கிளம்பியதும் அதை அணைத்து, சிம் கார்டைக் கழற்றி, என் புத்தகப்பையில் வைத்துக்கொள்வேன். நாளை மாலை நிலோஃபர் அக்காவுக்கு அப்பாவின் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால், கொடுத்தது நான் அல்ல.

தங்களை நம்பியிருக்கும்,
வே. அம்சா

இடம்: தன்லியின்
நாள்: 9.11.2025, ஞாயிறு இரவு