முப்பத்திரண்டாம் எண்ணுக்கு ஐந்து நாள் வருகை

என் பக்கத்து இடத்துக்காரி கோகிலாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுத வழியில்லை, அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன்.

நான் நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். குடியிருப்பது அதே அக்ரஹாரத்து வீட்டில்தான். காலை ரயிலில் போய், மாலை ரயிலில் திரும்புகிறேன். எனக்குப் பிப்பெட் பிடிக்கத் தெரியவில்லை என்று கிண்டல் செய்தாயே, இப்போது அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

உன் தங்கை சுதா நம் கல்லூரியிலேயே பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். போன வாரம் சாப்பிட்டு முடித்ததும், படிப்பை நிறுத்தப்போகிறேன் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வகுப்பறையில் வருகை எடுக்கும்போது, நீ வராத நாளில் உனக்காக நான் குரல் கொடுத்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை சார் நிமிர்ந்து பார்த்தார். என் பக்கத்தில் காலி பெஞ்ச். அடுத்த நாள் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டார், நினைவிருக்கிறதா?

கோவிட் ஊரடங்கில் அந்தத் தொல்லை இல்லை. நீ ஹனூர்ப் பக்கத்து உன் ஊருக்குப் போய்விட்டாய். அங்கே சோளக்காட்டுப் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல், அதுவும் மாலையில்தான். ஆன்லைன் வகுப்போ காலை ஒன்பது மணிக்கு. எனவே மடிக்கணினியில் நான், என் அப்பாவின் பழைய போனில் நீ. சார் வருகை கேட்டதும் இரண்டிலும் "பிரசென்ட் சார்" என்று தட்டுவேன். உன்னுடையதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் பூ. பூ இல்லாவிட்டால் தட்டுவது நான் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். பிறகு குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவேன், நீ பாறை மேல் உட்கார்ந்து இறக்கிக்கொள்வாய்.

இரண்டாவது அலையில் நான்கு நாள் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. சிக்னல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சார் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கோகிலா, யாக்கம்மா மாத்தாடல்ல? மைக் ஆன் மாடு" என்றார், ஏன் பேசவில்லை, மைக்கைப் போடு என்று கன்னடத்தில். மைக் பிராப்ளம் சார் என்று தட்டினேன். பாதி வகுப்பு தினமும் தட்டுகிற பதில்தான் அது. அவரும் அடுத்தவரிடம் போய்விட்டார். அந்த நேரத்தில் நீ கொள்ளேகாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய்.

நான்காம் நாள் மதியம் நீ போனாய். மாலையில் உன் மாமா எனக்குப் போன் செய்தார்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு திரைகளையும் திறந்தேன். உன் பெயரில் பிரசென்ட் சார் என்று தட்டினேன். பூவையும் போட்டேன். கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அது பொய். தெரிந்தேதான் செய்தேன். எனக்கு இன்னும் ஒரு நாள் நீ வேண்டியிருந்தாய்.

மதியத்துக்குள் கல்லூரிக்குச் செய்தி எட்டியது. சார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டார். கல்லூரி உன் அம்மாவுக்கு அனுப்பிய இரங்கல் கடிதத்தில், உங்கள் மகள் கடைசி நாள்வரை வகுப்புக்கு வந்தாள் என்று இருந்தது.

அம்மா அதை லேமினேட் செய்து உன் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். கோவிட் வார்டுக்குள் அவரை விடவில்லை. நீ போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனதுதான் அவர் கடைசியாகப் பார்த்தது. துக்கம் கேட்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற புள்ள தனியா கெடக்கல கண்ணு. உங்களோடயெல்லாம் கிளாசுலதான இருந்தா" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

கல்லூரி திறந்த முதல் நாள் சார் முப்பத்தொன்றுக்குப் பிறகு முப்பத்துமூன்று என்றார். என் பக்கத்தில் காலி பெஞ்ச். அன்றைக்குத்தான் அழுதேன். வகுப்பறையில் வகுப்பு நடந்திருந்தால் நீ வராத முதல் நாளே நான் உன் வீட்டுக்குப் போன் செய்திருப்பேன்.

சுதாவுக்கு வருவோம். அவள் எட்டாவதும் ஒன்பதாவதும் உன் பாறை மேல்தான் படித்தாள். தேர்வு எழுதாமலே மேலே ஏற்றிவிட்டார்கள். இப்போது வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் விளங்கவில்லையாம். கேள்வி கேட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து, வருகை கொடுத்ததும் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுகிறாள். விஷயம் தெரிந்து அம்மா போனில் பிடித்துக்கொண்டார். "ஆசுபத்திரில கெடந்துக்கிட்டே உங்கக்கா ஒரு நா கிளாசு உடல. உனக்கு என்ன கேடு?"

"செத்துப்போனவங்களோட எப்டிக்கா போட்டி போடறது?" என்று சுதா என்னிடம் கேட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டில் காய்ந்த பருக்கையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பூவும் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. "லாஸ்ட் பீரியட் வரைக்கும் இருந்தேன்க்கா. ஒண்ணும் புரியல. ஆனா இருந்தேன்."

வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் கொள்ளேகால் பஸ் பிடித்து உன் வீட்டுக்குப் போகிறோம். இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்ப நினைத்திருக்கிறேன், ஆனால் அதற்குப் பிறகுதான். உன் அம்மா இதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அப்படியென்றால் என் மகள் தனியாகவா இருந்தாள் என்று அவர் கேட்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை நாள் சோறு உண்டிருக்கிறார். அதைப் பறிக்கப் போகிறவள் நான். நீயாக இருந்தால் சொல்வாயா? தெரியவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார முடியாமல் தவிப்பவள் உயிரோடு இருக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆமாம், தனியாகத்தான் இருந்தாள் அம்மா, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கடைசி பஸ் போனாலும் போகட்டும். இனி ஒருநாளும் உனக்காக பிரசென்ட் சொல்ல மாட்டேன், கோகிலா. நீ வரவில்லை.

உன் தங்கைக்கு இப்போது அக்காவான,
மைதிலி
ரோல் நம்பர் முப்பத்துமூன்று