மெர்சி வேலில் நிற்கும் எஞ்சின்

தார்ல்பி, இங்கிலாந்து,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் மாக்சினுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம்தான். அவருக்கு அவர் முழங்காலும் எனக்கு அவரும் கொடுக்கிற வலியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வின்னிபெக்கில் பனி கொட்டத் தொடங்குமுன் நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள், போன வருடத்துக் கோட்டு பார்க்க அழகுதான், ஆனால் குளிருக்கு உன் அழகு தெரியாது. போன தடவை ஃபோனில், அப்பா ஏன் பேசவே மாட்டேன் என்கிறார், என்ன நடந்தது என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஃபோனில் சொன்னால் மனுஷர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவர் தோட்டத்தில் தக்காளிச் செடிகளோடு ஏதோ பஞ்சாயத்தில் இருக்கிறார், அது முடிவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் உன் அப்பா ஸ்கேஃப் எஞ்சின் கூடத்தில்தான், எஞ்சினைத் துடைத்து, வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டு கிடப்பார் என்பது உனக்கே தெரியும். அந்தப் பழைய நீராவி எஞ்சினுக்கு நான் சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தேன். என் பிறந்தநாள் மறந்துபோகும், அதன் வால்வு மாற்றிய தேதி மறக்காது. வசந்த காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து இமொஜென் என்று ஒரு பெண் வந்து, எஞ்சினைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ் ஸ்கேஃபைப் பற்றி நூலகத்தில் பேசப்போகிறாள் என்றதும், முன்வரிசையில் இடம் பிடிக்க என்னை அரைகுறையாகச் சாப்பிடவிட்டு இழுத்துக்கொண்டு போனார். கழுத்தில் டை வேறு. ஏதோ பெண் பார்க்கப் போவது போல.

அந்தப் பெண் திரையில் ஒரு படம் காட்டினாள். புதர் மண்டிய ஒரு இடம், இடிந்த சுவர், நடுவில் துருவேறி, கொடி படர்ந்து ஒரு எஞ்சின், நம் எஞ்சினின் கூடப்பிறந்தது மாதிரி. அதன் இரும்பிலேயே எழுத்து வார்த்திருந்தது, ஏ. ஸ்கேஃப், தார்ல்பி என்று. இடம் ஜமைக்கா, ட்ரெலானி, மெர்சி வேல் கரும்புத் தோட்டம் என்றாள். உன் தாத்தா பிறந்த, அவர் முன்னோர் கரும்பு வெட்டிய அதே மெர்சி வேல்தான். ஸ்கேஃப் செய்த முதல் எஞ்சின்களில் பாதிக்கு மேல் அங்கே உள்ள தோட்டங்களுக்குத்தான் போயின, அவரே கப்பலேறிப் போய், முதலாளி வீட்டில் தங்கி, எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டுத் திரும்பி வந்தார் என்றாள். ஆலை வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் வாய்க்குக் கரும்பு போதவில்லை, அதனால் வயலில் அடிமைகளாக இருந்தவர்களை இன்னும் வேகமாக வெட்டச் சொல்லி விரட்டினார்கள், சவுக்கு வேறு எதற்கு இருந்தது என்றாள். நம் சந்தைச் சதுக்கத்து ஸ்கேஃப் சிலைக்குக் கீழே மனிதரின் சுமையை இறக்கியவர் என்று போட்டிருக்கிறதே, எந்த மனிதர் என்று எழுதக் கல்லில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அவள் மெர்சி வேல் என்று சொன்னதும் அப்பா தன்னையறியாமல், எங்க ஊரு, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நூலகத்தில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கல்யாண வீட்டில் காணாமல் போன சங்கிலி எங்கள் பையில் கிடைத்தது போல நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தேநீர்கூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். இலவசத் தேநீரை அவர் விட்டுவிட்டுப் போனதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு எஞ்சின் கூடத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சக்களத்தி ஒழிந்தாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் புருஷனைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, கடவுள் உனக்கு அந்த அறிவைக் கொடுக்காமல் இருக்கட்டும். வேலியை வெட்டி வெட்டி மொட்டையாக்கினார். ஒருநாள் பொறுக்காமல், அது வெறும் இரும்புதானே, அது என்ன பாவம் பண்ணுச்சு, என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எத்தன வருஷமா அத என் கையால தொடச்சிருக்கேன் உனா, பிள்ளையத் தொடைக்கிற மாதிரி தொடச்சிருக்கேன், என்றார். நான் உள்ளே போய் உப்புமீனை ஊறப்போட்டேன்.

இதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது. சிலையை எடு என்று ஒரு பக்கம், தொட்டுப்பார் என்று ஒரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நாங்கள்தான் வேண்டும். இத்தனை வருடம் என்னைப் பார்த்தால் வானிலையைப் பற்றி மட்டும் பேசிய ஒரு பெண்மணி கசாப்புக்கடை வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள், என் பையில் இருந்த முட்டை உடைந்துபோனது. எஞ்சின் கமிட்டித் தலைவி மார்ஜரி ஹெப்பிள் இஞ்சிக் கேக்கோடு வந்தாள். உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதையே செஞ்சிடறோம் லின்வல், என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் போன பிறகு பழைய தலைமையாசிரியர் கீத் ஆம்ஸ்பி வந்தார். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே நெனச்சாங்க, இப்ப போய்க் கிளறலாமா, என்றார். எல்லாருமா, எங்காளுங்களையும் சேர்த்தா சொல்றீங்க, என்று கேட்டேன். பாவம், தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக்கை இருவரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டார்கள், மீதி நானும் அப்பாவும்.

பிறகு நகர மண்டபத்தில் கூட்டம். மார்ஜரி சிலைக்கு அடியில் வைக்கப்போகும் புதுப் பலகையின் வாசகத்தை வாசித்தாள், சிக்கலான வரலாற்றுத் தொடர்புகள் கொண்ட மேதை என்று. வாசித்துவிட்டு, லின்வல் சம்மதிச்சா வியாழக்கிழமையே அச்சுக்குக் குடுத்திடலாம், என்று அப்பாவைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். இருநூறு வருஷமா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, இப்ப வியாழக்கிழமைக்குள்ள பதில் வேணுமா, என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மார்ஜரியும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் உன் அப்பா எழுந்தார். கூட்டத்தில் தும்முவதற்கே கூச்சப்படுகிற மனுஷர்.

இதுல சிக்கல் ஒண்ணும் இல்ல, என்றார். அந்தாளு கெட்டிக்காரன். யாருக்கு விக்கிறோம், எதுக்கு விக்கிறோம்னு தெரிஞ்சுதான் வித்தான். போயி கண்ணால பாத்தான், பாத்துட்டு வந்தும் வித்தான். அத எழுதுங்க. சிலைய வெக்கறதும் எடுக்கறதும் உங்க ஊரு விஷயம், அத என் தலையில கட்டாதீங்க, என்றார். மாக்சின், இவ்வளவு வருடமாக நம்ம ஊரு நம்ம ஊரு என்று சொல்லியே என் காதைப் புளிக்கவைத்தவர், அன்று உங்க ஊரு என்றார். எனக்கே சுருக்கென்றது. மார்ஜரி முகம் வெளுத்துப்போய்க் காகிதத்தை மடித்துக்கொண்டாள். கீத் மெதுவாக, அப்ப எஞ்சினை இனிமே ஓட்ட மாட்டீங்களா, என்று கேட்டார். அப்பா அவர் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த எஞ்சின் பிடிக்கும், என்றார். இப்பவும் பிடிக்குது, அதான் என் கஷ்டமே. ஓட்டுறேன். ஆனா மெர்சி வேல் கதையச் சொல்லித்தான் ஓட்டுவேன், கேக்கப் பிடிக்காதவங்க வெளிய நிக்கட்டும்.

இப்போது பலகையில் அவர் சொன்னதுதான் இருக்கிறது, அந்தாளு என்பதை மட்டும் மரியாதையாக மாற்றிவிட்டார்கள். சிலையைப் பற்றி நகர மன்றம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது, அடித்துக்கொள்ளட்டும். போன ஞாயிறு அப்பா எஞ்சினை ஓட்டினார். சிலர் வெளியேதான் நின்றார்கள். கீத் உள்ளே வந்து கடைசிவரை நின்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மார்ஜரியைப் பார்த்தோம், நம்ம ஊர்ல மழ வர்ற மாதிரி இருக்கு, என்றாள், நம்ம என்பதைக் கொஞ்சம் அழுத்தி. அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு, வரும், என்றார். அவ்வளவுதான். இன்னும் சமாதானம் ஆகவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் இன்று மதியம் சாப்பிடும்போது கரண்டியை வைத்துவிட்டு, ட்ரெலானிக்குப் போகணும் உனா, என்றார். கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கே, விமானத்தில் கால் நீட்ட முடியாது என்று சாக்குச் சொல்லிப் போகாத மனுஷர். எதற்கு என்றால் அந்த எஞ்சினைப் பார்க்கவாம். அதப் பாத்துக் கொஞ்சப் போறீங்களா இல்ல துப்பப் போறீங்களா, என்று கேட்டேன். கோழித்துண்டு ஒன்றை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, மொதல்ல சக்கரம் சுத்துதான்னு பாப்பேன், அப்புறம் துப்புவேன், என்றார்.

பிப்ரவரியில் போகலாம் என்றிருக்கிறோம். நீயும் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து சேர், இவரை அந்தப் புதருக்குள் தனியாகச் சமாளிக்க என்னால் முடியாது. நான் எழுதினேன் என்று அவரிடம் மூச்சுவிடாதே, அவராகச் சொல்லும்போது முதல்தடவை கேட்பது போலக் கேள். உன் குடும்பம் குறைவில்லாமல் நிறைந்திருக்கட்டும், கர்த்தர் உன் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கோட்டு வாங்க மறக்காதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
உனா ஃபேசி