பூண்டா மாம்பழமா

மார்ச் 3, செவ்வாய்

மழையே இல்ல. கிச்சன்ல வேத்து ஊத்துது. அஞ்சு லிட்டர் பீர் காச்சினேன். வீடு பூரா மால்ட் வாசம்.

புது ஹாப்ஸ். பேரு கிடையாது, நம்பர்தான்: 41. செல்வம் அண்ணன் ரெண்டு பாக்கெட் குடுத்தாரு. புக்கிட் மேரால சின்னதா பீர் காச்சி விக்கிறவரு. "போட்டுப் பாரு. என்ன வாசம்னு நீ சொல்லு. மூக்கு சரியா இருந்தா வேல உனக்கு. பாலிடெக்னிக் பாதில விட்டதெல்லாம் மேட்டர் இல்ல லா."

கூட வந்த பேப்பர்ல: மாம்பழம், லைச்சி. பாப்போம்.

அம்மா எட்டிப் பாத்து, "என்னடி இது, முயல் தீனியா?"

"ஹாப்ஸ்மா, காஞ்ச பூ. பீருக்குக் கசப்பு, வாசம் எல்லாம் இதான்."

"டிப்ளமா முடிக்கத் துப்பில்ல. முயல் தீனி காச்சுறா."

முதல் பாக்கெட்ல பாதி போட்டாச்சு. மீதி ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரீசர்ல. பீர் வாளி பாத்ரூம்ல. சூடேறாம ஈரத் துண்டு, ஐஸ் பாட்டில். மாத்திக்கிட்டே இருக்கணும். கைப்புள்ள மாதிரி.

மார்ச் 11, புதன்

நுரை அடங்கிடுச்சு. வாசத்துக்காக மீதி ஹாப்ஸ் இன்னிக்குப் போடணும். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து மோந்தேன்.

பூண்டு.

மாம்பழம் எங்க? லைச்சி எங்க?

ஃப்ரீசர்ல அதே தட்டுல அம்மாவோட இஞ்சி பூண்டு விழுது, ரெண்டு டப்பா. தேக்கா மார்க்கெட் போய் வந்தாலே அரச்சு அடுக்கிடும்.

கத்திட்டேன். "உன் பூண்டால என் வேலையே போச்சு!"

அம்மா டப்பா ரெண்டையும் கீழ் தட்டுக்கு மாத்திட்டுப் போயிடுச்சு. திட்டியிருந்தாகூடப் பரவால்ல.

ஹாப்ஸ் போடல.

மார்ச் 12, வியாழன்

பல்லு விளக்கும்போது தோணுச்சு. ரெண்டாவது பாக்கெட் இன்னும் சீல் பிரிக்கல! உள்ள பூண்டு போக வழியே இல்ல. மண்டு, இத நேத்தே யோசிக்கக் கூடாதா.

ரெண்டு கப், சுடுதண்ணி. ஒண்ணுல பழசு, ஒண்ணுல புதுசு. மூடி வச்சு பத்து நிமிஷம்.

ஒரே வாசம். வெளிய போய் மூக்கச் சிந்திட்டு வந்து திரும்ப மோந்தேன். ஒரே வாசம்.

எது எதுன்னு சொல்லாம அம்மாகிட்ட நீட்டினேன்.

"ரெண்டுமே பூண்டு ரசம். உப்புதான் இல்ல."

"மாம்பழம்?"

"கொஞ்சம். பின்னாடி." அப்புறம், "அப்ப என் டப்பா இல்ல?"

"இல்லம்மா. சாரி."

"மேல் தட்டு இனிமே எனக்கு."

குடுத்துட்டேன்.

ஒரு பூவுக்கு எப்படிப் பூண்டு வாசம் வரும்? வெயிலா, மண்ணா, லேட்டாப் பறிச்சாங்களா? அரை நாள் போன்ல படிச்சேன். கிளாஸ்ல ஒரு நாளும் இப்படிப் படிச்சதில்ல.

புது பாக்கெட் வாளிக்குள்ள.

மார்ச் 14, சனி

பாட்டில்ல ஊத்தியாச்சு. பதிமூணு. மூடி அமுக்கினது அம்மா, மூக்கப் பொத்திக்கிட்டே.

மார்ச் 28, சனி

செல்வம் அண்ணன் கடை. என் பாட்டில் ஒண்ணத் தொறந்து ஊத்தினாரு. நுரை நல்லா நின்னுச்சு. குடிச்சாரு.

"மாம்பழம் சூப்பர் லா. இந்த ஹாப்ஸ் இருபது கிலோ ஆர்டர் போடுறேன்." போன் கையில. "உனக்கு என்ன வருது?"

மாம்பழம்னு சொன்னா வேல. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"பூண்டு அண்ணே. மாம்பழம் அதுக்குப் பின்னாடிதான்."

"எனக்கு வரலயே."

"இருக்கு. சீல் பிரிக்காததுலயும் இருந்துச்சு."

"பேப்பர்ல போடலயே?"

"பேப்பர் தப்பு."

ரொம்பப் பேசிட்டேன்.

இன்னொரு மடக்கு. முழுங்காம வாயிலயே வச்சிருந்தாரு. போனை டேபிள்ல கவுத்து வச்சாரு.

"எந்தப் பூண்டு? வதக்கினதா, பச்சையா?"

"பச்ச. உரிச்ச கையில ஒட்டியிருக்குமே, அது."

கிளாஸக் கீழ வச்சாரு. அப்புறம், "இங்க வேலைக்கு ரப்பர் பூட்ஸ் வேணும். உன் சைஸ் என்ன?"

"ஆறு."