நேராகாத மீசை

என் வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டிலிருந்து வந்ததும் மீசை எங்கே என்று கத்தாதே. காலையில் நம் சலூன் கண்ணாடி முன் நின்று ஒதுக்கினேன். இடப்பக்கம் வெட்ட வெட்ட இறங்கியது. கத்தரியைத் திட்டிக்கொண்டே மொத்தமாக வழித்தேன். இறங்கியிருந்தது என் உதடு என்று அப்போதுதான் தெரிந்தது.

முடிவெட்ட வந்த நர்ஸ் தம்பி, "அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றான். ஒன்றுதான் எழுந்தது. "கெளம்புங்க! நேரம் போனா மூளை போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான்.

ஊசி போட்டாயிற்று. படுக்க முடியவில்லை. எதிர்க்கட்டில்காரரின் கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழே. என் வலது கை துறுதுறுக்கிறது. இடது கையைப் பற்றிக் கேட்காதே. பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணவும் செய்யாதே.

வரும்போது கைக்கண்ணாடி கொண்டு வா. வேண்டாம், நீ மட்டும் வா. வாய் நேராகிவிட்டதா என்று நீ பார்த்துச் சொன்னால் போதும்.

மீசை போன உன்னவன்